நுரை வந்த பாட்டில்

என் ராசாவுக்கு,

இதைக் கையில் எடுத்ததும் மொத்தம் எத்தனை பக்கம் என்று முதலில் புரட்டிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். லோதி ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்தும், காலண்டரில் லீவு நாளைத் தவிர வேறு எதையும் தமிழில் படிக்காத பிள்ளை நீ. நானும் அஞ்சாம் வகுப்புதான். ஆக, ஓர் அஞ்சாம் வகுப்பு இன்னோர் அஞ்சாம் வகுப்புக்கு எழுதுகிற கடிதம் இது. மெதுவாக எழுத்துக்கூட்டிப் படி. ரயில் பெங்களூர் போய்ச் சேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் முடித்துவிடலாம். பிழை எல்லாம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தேவகி அக்கா திருத்தியாயிற்று. "இதையெல்லாம் நிஜமாவே மலர்ல போடணுமாடி?" என்று நாலு தடவை கேட்டுவிட்டாள். நாலு தடவையும் ஆமாம் என்றேன். நம் சரோஜினி நகர் தமிழ்க்காரர்கள் பொங்கலுக்குப் போடுகிற மலரில் இது வரும். அச்சாகி வருவதற்குள் நீ இன்டர்வியூ முடித்திருப்பாய். அதனால் கையால் எழுதியதை உன் பையில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். அதை மட்டும் நீ கண்டிப்பாகத் திறப்பாய்.

வீட்டுக்குள் சொல்ல வேண்டியதை எதற்கு ஊரைக் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைக்காதே. உனக்கு அவமானம் நடந்தது நாலு பேர் முன்னால். அது லேப்போடு நின்றதா? மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போகிற இடத்தில்கூட, "உங்க பையன் ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டானாமே, அச்சா பையன்தானே?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு ஒரு கட்டுக் கீரை அதிகமாக வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாரும் இந்த மலரை வாங்குகிறவர்கள்தான். அவர்களும் படிக்கட்டும்.

போன மாதம் பெங்களூர் லேப் வேலைக்கு விண்ணப்பம் போட, பாரத்தைத் தேவகி அக்காவிடம் டைப் அடிக்கக் கொடுத்தாய் அல்லவா? அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே நம் சமையலறைக்கு வந்தாள். "ஏண்டி, பழைய லேப்பை விட்டு ஏன் வந்தேன்னு ஒரு இடத்துல கேட்டிருக்கான். இவன் 'என் சொந்தக் கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்கான். அப்படி எழுதினா எடுப்பாங்களா?" என்றாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை நின்றுபோனது. அஞ்சு வருடமாக நீ மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நின்று டாக்டர்களுக்கு வணக்கம் போடுகிறாய். இப்போதுதான் மறுபடி அந்தப் பக்கம் போக உனக்கு மனசு வந்திருக்கிறது. அங்கேயும் போய், உன்னுடையது அல்லாத தப்பை உன்னுடையது என்று சொல்லப் போகிறாய். அது யாருடைய தப்பு என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே. உன் அப்பா ஆபீசில் நாற்காலியிலேயே சாய்ந்து போனபோது நீ காலேஜ் முதல் வருடம். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். எங்கெங்கோ ஃபைல் சுற்றி, கடைசியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவப் போட்டார்கள். மேடம்தான் எங்கள் லேப்புக்குத் தலைவி. முதல் நாளே வகுப்பு எடுத்தார்: சோப்பு போட்டபின் குழாய்த் தண்ணீரில் ஏழு தடவை அலச வேண்டும், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை. நான் வீட்டுக்கு வந்து, "இந்த மேடம் மடி ஆச்சாரம் பாக்குறவங்கடா. பத்துத் தடவை முழுக்காட்டினாத்தான் பாட்டில் சுத்தமாகுமாம்" என்று நடித்துக் காட்டினேன், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எதற்குப் பத்துத் தடவை என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. சிரிக்கத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியாத பொம்பளை நான்.

பிறகு நீ எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு அதே லேப்புக்கு வந்தாய். நான்தான் மேடம் காலைச் சுற்றிச் சுற்றி வந்து இடம் கேட்டேன். வருவதற்கு முந்தின நாள் உன்னிடம், "லே, அங்க வந்து என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. படிச்ச பிள்ளைங்க இருக்கிற இடம். உனக்குத்தான் கேவலம்" என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்த நீள வராந்தாவின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, மறுகோடியில் டிரேயோடு போன என்னைப் பார்த்து, "எம்மா! டீ இருக்கா?" என்று கத்தினாயே, எல்லாக் கதவிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "பேதியில போறவனே, மெதுவா கூப்பிட மாட்டியா?" என்று திட்டினேன். திட்டிவிட்டுப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் போய் நின்று அழுதேன். அது சந்தோஷ அழுகை. தினமும் அப்படித்தான் கூப்பிட்டாய், ஆறு மாதமும்.

உன் வேலை என்னவென்று ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டில்தான் எனக்கு விளக்குவாய். கார்பன் நானோ குழாய் என்பாய். "கரிதானே?" என்பேன். "அரே எம்மா, சுனோ, கேளு. கரிதான், ஆனா சுருட்டின கரி" என்று சப்பாத்தியைச் சுருட்டிக் காட்டுவாய். தலைமுடியை நெடுக்காகப் பல ஆயிரமாகக் கிழித்தால் வருகிற அளவுக்கு ஒல்லியான குழாய். அதன்மேல் மருந்தை ஒட்டி அனுப்பினால் உடம்பில் இருக்கிற செல்லுக்குள் போய் இறக்கி வைத்துவிடும், நோய் இருக்கிற செல்லுக்கு மட்டும் மருந்து போகிற மாதிரி ஒருநாள் செய்துவிடலாம் என்றாய். "அப்ப நல்லதுதானே, அதுல என்ன ஆராய்ச்சி?" என்றதற்கு, அது செல்லைக் கொல்லுமா, கொல்லாதா என்பதுதான் ஆராய்ச்சி என்றாய். குட்டையான குழாய் என்றால் செல் அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். நீளமாக விறைப்பாக இருந்தால் விழுங்க முடியாமல் திணறும். "மீன் முள்ளு தொண்டையில சிக்கின மாதிரியா?" என்று கேட்டேன். சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "கரெக்ட் எம்மா! இதை எங்க மேடம் அரை மணி நேரம் சொன்னாங்க" என்றாய். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே முதல் மார்க் அதுதான். அதுவே எனக்குத் தலைக்கும் ஏறிவிட்டது.

ஒருநாள் மைக்ராஸ்கோப் முன்னால் என்னை உட்கார வைத்துச் செல்களைக் காட்டினாய். மனிதத் தோலிலிருந்து எடுத்து வளர்த்ததாம். ஒவ்வொன்றும் காலை நீட்டிப் படுத்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ படுத்திருப்பாயே, அதே மாதிரி. "இப்படிக் காலை நீட்டி ஒட்டிக்கிட்டு இருந்தா உசிரோட இருக்குன்னு அர்த்தம். செத்தா காலைச் சுருக்கி உருண்டையாகி மிதக்கும்" என்றாய். நான் அதுகளுக்குக் கேட்காத மாதிரி மெதுவாக, "நல்லா இருங்க ராசா" என்று சொன்னதைக் கேட்டு நீ சிரித்தாய்.

உன் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கரி தண்ணீரில் கலக்கவே மாட்டேன் என்றது. தேனீ மாதிரி ரீங்காரம் போடுகிற தொட்டியில் பாட்டிலை வைத்துக் குலுக்குவாய். வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் திரண்டு திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். கட்டி கட்டியாகச் செல்மேல் விழுந்தால் எந்தக் கணக்கும் சரிவராது என்று வாரக்கணக்கில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். ரத்தத்தில் இருக்கிற புரதத்தை அதன்மேல் சட்டை மாதிரிப் போர்த்திவிட்டால் தண்ணீரோடு சமாதானமாகப் போகும், செல்லும் உள்ளே விடும் என்று மேடம் சொன்னதாகவும், அதற்கு இன்னும் சாமான் வந்து சேரவில்லை என்றும் சொன்னாய். புராஜெக்ட் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கரியைப் பற்றி எனக்குத் தெரியாததா? மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடிக்கரியை இருபது வருடம் தேய்த்தவள். வெறுந் தண்ணீருக்கு அசையாத கரி, ஒரு சொட்டுச் சோப்புக்கு அவிழ்ந்து ஓடும். இவ்வளவு படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

உன் பாட்டில் கிருமி நீக்க என்னிடம்தான் வரும். குக்கர் மாதிரி நீராவியில் வேகவைக்கிற பெட்டி என் பொறுப்பு. அன்றைக்கு நீ கேன்டீனுக்குப் போயிருந்தாய். உன் பெயர் ஒட்டிய பாட்டிலைத் திறந்தேன். கண்ணாடி கழுவுகிற சோப்புத் திரவத்தை அதில் மூன்று சொட்டு விட்டேன். லேசாக ஆட்டி, மூடி, பெட்டிக்குள் வைத்தேன். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் நீ அதை ரீங்காரத் தொட்டியில் வைத்து எடுத்தபோது மை மாதிரி ஆகியிருந்தது. சாயங்காலம் வரை ஒரு பொடிகூட அடியில் இறங்கவில்லை. நீ லேப் முழுக்க அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். வெந்நீராவியில் வெந்ததுதான் காரணமோ என்று மேடமே ஆச்சரியப்பட்டார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி இருந்தது. நீ பட்டம் வாங்குகிற அன்றைக்குச் சொல்லி, "உன் பட்டத்துல பாதி எனக்கு வெட்டிக் கொடு" என்று கேலி பண்ணலாம் என்று காத்திருந்தேன். அடுத்த இரண்டு பாட்டிலுக்கும் அதையே செய்தேன். மூன்று தடவையும் கரி கலந்தது, மூன்று தடவையும் செல் செத்தது. கரி கட்டியில்லாமல் நன்றாகப் பரவினால் செல்லைக் கொன்றுவிடுகிறது என்று நீ எழுதினாய். அதைச் சின்னக் கூட்டம் ஒன்றில் எல்லார் முன்னாலும் பேசிக் கைதட்டும் வாங்கினாய். கொன்றது உன் கரியா, என் சோப்பா என்று உனக்குத் தெரிய வழியே இல்லை.

பிறகு என் தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனேன். நான் இல்லாத பத்து நாளில் நீ மறுபடி செய்தாய், கலக்கவில்லை. உன் சீனியர் நீலம் தனியாகச் செய்தாள், அவளுக்கும் கலக்கவில்லை. செல் எல்லாம் காலை நீட்டிச் சுகமாகப் படுத்திருந்தன. நான் திரும்பி வந்த அன்றைக்கே மேடம் அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தீர்கள். டீ கொண்டு வரச் சொன்னார்கள். உள்ளே நுழைந்தபோது மேடம் கையில் உன் பழைய பாட்டில் இருந்தது. அதை வேகமாகக் குலுக்கி மேசைமேல் வைத்தார். கறுப்புத் தண்ணீருக்கு மேலே விரல்கடை உயரத்துக்கு நுரை நின்றது. "தண்ணீரும் கரியும் மட்டும்தான் என்றால் இந்த நுரை எங்கிருந்து வந்தது? என்ன கலந்தாய்?" என்று இந்தியில் கேட்டார். "எதுவும் கலக்கல மேடம்" என்றாய். நீலம், "சோப்பு கலந்து செய்கிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் அதை நோட்டில் எழுத வேண்டும். மறைப்பதுதான் தப்பு" என்றாள். நீ மறுபடியும், "எதுவும் கலக்கல" என்றாய். அப்புறம் அந்த நுரையையே பார்த்தாய். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

அந்த நேரத்தில் நான் செய்ததைத்தான் சொல்ல முடியாமல் அஞ்சு வருடம் ஓட்டிவிட்டேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும் என்பதும் கூடவே புரிந்தது. டீக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். உன் முன்னால் வைத்தபோது உன்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி வைத்தேன். "பையா, சாய்" என்று சொன்னேன். 'அண்ணே, டீ' என்று கடையில் யாரோ ஒருவருக்கு இந்தியில் சொல்கிற மாதிரி. வராந்தா அதிர எம்மா என்று கூப்பிட்ட பிள்ளைக்கு நான் அப்படிச் சொன்னேன். டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

புராஜெக்ட் முடிந்ததாகச் சான்றிதழ் தர மாட்டோம் என்றார்கள். நீ வேறு இடத்தில் முடித்தாய், ஆனால் லேப் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது நான் வேறு, "போட்டும்லே, செத்தது செல்லுதானே, உன் மாமியாரா?" என்று சொன்னேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு நினைவு வரும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. ஊரில் எல்லாரையும் கேலி பண்ணிச் சிரிக்க வைக்கிறவள் என்று எனக்குப் பெயர். அந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தேவகி அக்கா பாரத்தைக் காட்டிய மறுநாள் மேடம் அறைக்குப் போனேன். அவருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் திட்டுவார் என்று பார்த்தேன். "கரியை வடிகட்டிவிட்டு, அந்தத் தண்ணீரை மட்டும் செல்மேல் விட்டுப் பார் என்று நானாவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். கைதட்டிவிட்டேன்" என்றார். அப்புறம்தான் அதைச் சொன்னார். நுரையைக் குலுக்கிக் காட்டிய மறுநாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாட்டிலை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டாராம். "என்னைத் தவிர யாரும் தொடலை மேடம்" என்று சொன்னாயாம்.

ஏலே, பாட்டில் என் கையில்தான் வெந்தது என்று உனக்குத் தெரியாதா? நீயே தினமும் என் கையில் கொடுத்தாய். நுரையைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் என்னைப் பார்த்தாய். நான் உன்னிடம் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்த அஞ்சு வருடமும் நீ என்னை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இதைக் கேட்டபின்தான் மேடம் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த வாரமே மேடம் தன் கையாலேயே செய்து பார்த்தார். ஒரு தட்டில் வெறும் சோப்பு கலந்த தண்ணீர், மூன்றே சொட்டுக் கணக்குப்படி. இன்னொன்றில் புரதச் சட்டை போட்ட கரி. மறுநாள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சோப்பு விட்ட தட்டில் எல்லாம் காலைச் சுருக்கி உருண்டு மிதந்தன. கரி விட்ட தட்டில் செல்கள் கறுப்புப் புள்ளிகளை உள்ளே வைத்துக்கொண்டு நீட்டிப் படுத்திருந்தன. எல்லாக் கரியும் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது, ஆனால் அன்றைக்குக் கொன்றது இது இல்லை என்றார். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்திருக்கிறார். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு மெமோவும் கொடுத்திருக்கிறார்கள். என் சர்வீசில் முதல் மெமோ. வேலை போகாதாம், ஒரு இன்கிரிமென்ட் நிற்குமாம். அதை லேமினேஷன் பண்ணி உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று தேவகி அக்காவிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ மறுபடி ஒரு லேப்பில் உட்காரப் போகிறவன் என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். என்ன நடந்தாலும் பாட்டில் கழுவுகிறவளை முதலில் கூப்பிட்டு உட்கார வைத்து, எதற்காகப் பத்துத் தடவை அலச வேண்டும் என்று சொல்லிக் கொடு. அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். பிள்ளைமேல் ஆசை இருக்கும். அந்த ஆசை உன் பாட்டிலைத் திறந்து பார்க்கும்.

பாரத்தில் எழுதினதை இனி அழிக்க முடியாது, போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் நேரில் கேட்பார்கள். அப்போது எனக்காக இன்னொரு தடவை பொய் சொல்லாதே, என் மேல் சத்தியம். மேடம் கடிதத்தை மேசைமேல் வை. அந்தச் சோப்பைப் போட்டது யார் என்று கேட்டால், "என் அம்மா" என்று சொல்லு. முணுமுணுக்காதே. அன்றைக்கு வராந்தாவில், எல்லாக் கதவும் திறக்கும்படி கூப்பிட்டாயே, அந்தக் குரலிலேயே சொல்லு.